கேட்டுவிட்டுத் தொடுங்கள்

ஹாஸ்பிஸில் வாலண்டியராகச் சேர வருகிறவர்களிடம் ஏன் வருகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் வருகிறார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வருகிறார்கள், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். யார் வந்தாலும் வேலை ஒன்றுதான். இனிமேல் குணமாக்க வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்ட ஒருவர், மிச்சமுள்ள நாட்களை வலியில்லாமலும் தன் விருப்பப்படியும் கழிப்பதற்குத் துணை நிற்க வேண்டும். வலிக்கு மருந்து கொடுக்க டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். விருப்பம் என்ன என்று கேட்பதற்குத்தான் ஆள் குறைவு. அந்த இடத்துக்குத்தான் நீங்கள் வேண்டும்.

பல வருஷம் வார்டில் புழங்கியதில் எனக்குப் பிடிபட்டவற்றை எண் போட்டு எழுதியிருக்கிறேன். சிலவற்றை நீட்டிச் சொல்கிறேன், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

1. எதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

நோயாளி இங்கே வந்து சேர்வதற்குள் எத்தனையோ கைகள் அவரைக் கேட்காமலே தொட்டிருக்கும். ஸ்கேன் மேசையில் தூக்கிக் கிடத்தியிருப்பார்கள், சட்டையைக் கழற்றியிருப்பார்கள், மூக்கில் குழாய் போட்டிருப்பார்கள். எல்லாம் அவர் நன்மைக்குத்தான். ஆனால் ஒரு குடும்பத்தையே தன் சொல்லில் நடத்திய மனிதருக்கு, ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்பதுகூட இப்போது தன் கையில் இல்லை. உடம்பு போய்க்கொண்டிருக்கிறது என்ற துக்கத்தோடு, தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்ற துக்கமும் சேர்ந்துகொள்கிறது. முதல் துக்கத்துக்கு நம்மால் ஆவது கொஞ்சம். இரண்டாவதைப் பெருமளவு குறைக்க முடியும்.

ஆகவே கேளுங்கள். "ஃபேனைக் குறைக்கட்டுமா?" "இப்பத் திரும்பிப் படுக்கிறீங்களா, கொஞ்ச நேரம் போகட்டுமா?" "இங்க உட்காரலாமா?" கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நில்லுங்கள். மருந்தின் மயக்கத்தில் பதில் மெதுவாகத்தான் வரும். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தாமல் ஒருமுறை நீங்கள் நகர்ந்துபோனால், அடுத்த முறை அவரே உங்களைக் கூப்பிடுவார்.

கூப்பிடும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வார்டுக்குள் நுழைந்ததும் எல்லோரையும் "தாத்தா", "பாட்டி" என்று அழைப்பது பாசமான பழக்கம்தான். ஆனால் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அது முள்ளாகத் தைக்கும். ஒருவருக்கு அண்ணாச்சி பிடிக்கும், ஒருவருக்கு வாத்தியாரய்யா, ஒரு அம்மாவுக்கு அக்கா.

தொண்டையில் துளை போட்டுப் பேச்சு நின்றவர்களிடமும் கேட்கலாம். நோட்டும் பேனாவும் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், சரி என்பதற்குக் கண்ணை ஒருமுறை மூடுவது, இல்லை என்பதற்கு இருமுறை மூடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரால் பேச முடியாது என்பதற்காக அவர் மனைவியைப் பார்த்து "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பது கூடவே கூடாது.

2. சொன்ன நாளில் வாருங்கள்

வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். கேரளத்தில் மலப்புறம் பக்கம் தொடங்கிய அக்கம்பக்கத்துப் பேலியேட்டிவ், அதாவது நோயின் வேதனையைத் தணிக்கும், குழுக்களில் சேர்கிறவர்களிடம் கேட்பதும் குறைந்தது இரண்டு மணி நேரம்தான். 16 மணி நேர வகுப்பும், நர்சோடு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் 4 நாள் பயிற்சியும் முடித்துவிட்டு, மீன் விற்கிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் கல்லூரி மாணவியும் அங்கே இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆர்வத்தில் முதல் மாதம் தினமும் வந்துவிட்டு அப்புறம் காணாமல் போகிறவரைவிட, வியாழக்கிழமை மூன்று மணி என்றால் வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து நிற்கிறவர் மேல். படுத்திருப்பவர் வாசலைப் பார்த்தபடி இருப்பார். வர முடியாவிட்டால் போன் செய்து, அவரிடம் போய்ச் சொல்லும்படி யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வருவதற்கு முன்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், கண்ணாடி வளையல் வேண்டாம், நோயாளியின் தோல் காகிதம் மாதிரி இருக்கும், கீறிவிடும். சென்ட் வேண்டாம். தலை நிறைய மல்லிகைப்பூவும் வேண்டாம். கீமோ எடுத்தவர்கள் சிலருக்கு நல்ல வாசனையே குமட்டும். ஒவ்வொரு கட்டிலுக்குப் போகும் முன்பும் பின்பும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வராதீர்கள்.

வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், ஒரு வருஷமாவது கழித்து வாருங்கள். உங்களைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவின் முகத்தை இன்னொருவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தால், அந்த இன்னொருவர் கேட்பது உங்கள் காதில் விழாது.

4. புண்ணைப் பார்த்து முகம் மாறாமல் இருக்கப் பழகுங்கள்

இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டில் வாய், கன்னம், தொண்டைப் புற்றுநோய் அதிகம். புகையிலையும் அதைச் சேர்த்துப் போடும் வெற்றிலையும் முக்கியக் காரணம். முற்றிய நிலையில் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு புண் வெளியே வந்துவிடும். நாற்றம் அறை முழுக்கப் பரவும். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போயிருப்பார்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விட்டிருக்க மாட்டார்கள். நாற்றம் தன்னிடமிருந்துதான் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தனிமை கிடையாது.

நாற்றத்துக்கு மருந்து உண்டு. புண்ணில் வளரும் ஒருவகைக் கிருமியால்தான் அந்த வாடை வருகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவி, தினமும் கட்டுமாற்றினால் சில நாளில் நன்றாகக் குறையும். அதை நர்ஸ் செய்வார். வீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுப்பார். புண்ணில் புழு கண்டால் கத்தாதீர்கள், நோயாளியிடம் சொல்லாதீர்கள், நர்சிடம் போய் மெதுவாகச் சொல்லுங்கள். அதற்கும் வழி இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது அருகில் உட்காருவது. மூக்கில் கையையோ கர்ச்சீப்பையோ வைக்காமல் உட்காருவது. முதல் நாளே எல்லோராலும் முடியாது, அது குற்றமில்லை. வயிற்றைப் புரட்டினால் "தண்ணி கொண்டு வர்றேன்" என்று சொல்லி வெளியே வந்து, காற்று வாங்கிவிட்டுச் சொன்னபடியே தண்ணீரோடு திரும்பிப் போங்கள்.

5. வலி என்று அவர் சொன்னால் வலிதான்

இந்த வேலைக்கு உலகத்தில் ஒரு தாய் உண்டென்றால் அது இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். நர்சாக இருந்து, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக ஆனவர். 1948இல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதிக்குத் துணையாக இருந்தார். அந்த அகதி இறக்கும்போது, சாகப் போகிறவர்களுக்காக சாண்டர்ஸ் கட்ட நினைத்த இல்லத்துக்கு 500 பவுண்டு விட்டுப்போனார். அதன் பிறகு சாண்டர்ஸ் லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்துக்கு மாலை வேளைகளில் போய்ச் சம்பளமில்லாமல் பணிவிடை செய்தார். உங்களைப் போலவே வாலண்டியர்தான். வலி வந்த பிறகு மருந்து கொடுக்காமல், வலி திரும்பும் முன்பே மணிக்கணக்குப் பார்த்து மார்பின் கொடுப்பதை அங்கேதான் பார்த்தார். அதை மற்ற டாக்டர்கள் ஏற்க வேண்டுமே என்பதற்காக, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து 1957இல் டாக்டரானார். 1967இல் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. உடம்பு வலியோடு மனத்தின் வலி, குடும்பக் கவலை, பணக் கவலை, கடவுள் மேல் உள்ள மனத்தாங்கல் எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதரின் வலி என்று அவர் வகுத்துச் சொன்னது இன்றுவரை நமக்குப் பாடம்.

நம்மிடம் நடந்தது வேறு. மார்பின் எடுக்கப்படும் அபின், அரசு அனுமதியோடு பயிராகும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, லைசென்சுக்கு மேல் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததால் ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி கொஞ்சம் இலகுவானது. அதற்காகப் பல்லாண்டு அலைந்தவர்களில் ஒருவர் கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். சட்டம் இளகியும் பயம் இளகவில்லை. "மார்பின் போட்டா அடிமையாயிடுவாங்க", "அது கடைசி மருந்து" என்று படித்தவர்களே சொல்வார்கள். வலிக்காக, டாக்டர் அளந்து கொடுக்கும் மார்பினை வாய்வழியாகச் சாப்பிடுகிறவர் அடிமையாவது மிக அரிது. வலி அடங்கிய பின் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்களை வார்டிலேயே பார்ப்பீர்கள்.

சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் என்ன செய்வார்களென்றால், "இப்பத் தூங்குறாரே", "ரொம்ப வலிச்சாக் குடுக்கலாம்" என்று மாத்திரையை மிச்சம் பிடிப்பார்கள். வலி தலைக்கேறிய பிறகு கொடுத்தால் அதே மாத்திரை போதாது. மாத்திரை அட்டையில் எண்ணிக்கை இடித்தால் நர்சிடம் சொல்லுங்கள். மார்பின் அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் கொடுக்கும், அதனால் கூடவே பேதி மருந்தும் எழுதியிருப்பார்கள். "மலம் கழிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மூன்று நாளாகிவிட்டதென்றால் அது உடனே சொல்ல வேண்டிய செய்தி. பாதி வயிற்றுவலியும் குமட்டலும் அதனாலேயே இருக்கும்.

வலியை அவர் சொல்லும் சொல்லிலேயே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கடுகடுக்குது, குத்துது, விண்விண்ணுன்னு தெறிக்குது, கரண்ட் அடிச்ச மாதிரி சுண்டுது, மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது என்று நம் சனங்களிடம் வலிக்கு அத்தனை பேச்சு இருக்கிறது. ஒவ்வொன்றும் டாக்டருக்குத் துப்பு. எரிச்சலும் கரண்ட் அடிப்பதும் நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. "நல்லா வலிக்குதாம்" என்று நீங்கள் சுருக்கிவிட்டால் அந்தத் துப்பு போயிற்று. நீங்களாக மருந்து எதையும் கொடுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

6. "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள்

ஆகாது என்று அவருக்கும் தெரியும். நீங்கள் அதைச் சொன்ன அந்த நிமிஷத்தில், இந்த ஆளிடம் உண்மை பேச முடியாது என்று முடிவு செய்துவிடுவார். அப்புறம் கிரிக்கெட்டும் மழையும்தான் பேச்சு.

நம் வீடுகளில் ஒரு வழக்கம். வாசலிலேயே மகன் உங்களைத் தடுத்து, "அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாது, அல்சர்னு சொல்லியிருக்கோம், நீங்க சொல்லிடாதீங்க" என்பார். அன்பினால் சொல்வது, கோபப்படாதீர்கள். உள்ளே போனால் அப்பா, "எனக்கு என்னன்னு தெரியும், பசங்க கிட்டச் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு தனித்தனியே அழுவார்கள். இதில் நீங்கள் புகுந்து நோயின் பெயரை உடைக்கக் கூடாது. அது டாக்டரும் கவுன்சிலரும் குடும்பத்தை வைத்துக்கொண்டு பக்குவமாகச் செய்ய வேண்டியது. ஆனால் பொய்யும் சொல்லாதீர்கள்.

"நான் பொழைப்பேனாம்மா?" என்று கேட்டால்? உங்களிடம் கேட்கிறார் என்றால், உங்களிடம் கேட்க முடியும் என்று நம்பியிருக்கிறார். ஓடாதீர்கள். "ஏன் இன்னைக்கு இப்படிக் கேக்குறீங்க? மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று இருக்கும். பட்டா இன்னும் அண்ணன் பெயரில் இருக்கிறது. பேங்க் கணக்கில் நாமினி போடவில்லை. பேசாமல் போன மகளை ஒருமுறை பார்க்க வேண்டும். சீட்டுப் பணம் ஒருவரிடம் நிற்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் சொல்லவும் முடிக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. நாள் குறைவு என்பதை மறைத்து வைத்தால் அந்த உரிமையையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம். நோயாளிக்கு உண்மை தெரிய வேண்டுமா என்று என்னைக் கேட்டால், அவர் தெரிந்துகொள்ள விரும்பும் அளவுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும் என்பேன். விரும்பாதவர்களும் இருக்கிறார்கள், "அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவார்" என்று பேச்சை மாற்றுவார்கள். அவர்களை விட்டுவிடுங்கள்.

அவர் கேட்டதை அன்றே டாக்டரிடமோ பொறுப்பாளரிடமோ சொல்லுங்கள். "உங்க கேள்விய டாக்டர்கிட்டச் சொல்லட்டுமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு.

7. சும்மா உட்காரத் தெரிய வேண்டும்

புதியவர்களுக்கு இதுதான் கடினம். ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று கை பரபரக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கழுத்தைத் தூக்காமல் உங்களைப் பார்க்கும் உயரத்தில் உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள். கைக்கு வேலை வேண்டுமானால், கேட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வையுங்கள், நகம் வெட்டுங்கள், சவரம் செய்துவிடுங்கள், தினத்தந்தியைத் தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை வாசித்துக் காட்டுங்கள். சவரம் செய்த அன்றைக்கு ஆண்கள் பேசுவதே தனி.

8. சோறு

இங்கே நிறையச் சிக்கல் வரும். நம் வீடுகளில் அன்பு என்றால் சோறு. "ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்று மனைவி ஊட்டுவார். அவர் வாயை மூடிக்கொள்வார். மனைவி அழுவார். நோய் முற்றிய உடம்பு உணவை ஏற்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அவர் சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பாடு நின்றது. இதை அந்த அம்மாவுக்கு நர்ஸ் விளக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், பிறகு அவர் திரும்பத் திரும்பக் கேட்கும்போது பொறுமையாகச் சொல்லுங்கள். "நான் சரியா ஊட்டல" என்ற எண்ணத்தோடு அவர் காலம் தள்ளக் கூடாது.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்காத குடும்பம் கிடையாது. கடைசி நாட்களில் நரம்பு வழியே ஏற்றும் நீர் பல சமயம் நுரையீரலிலும் காலிலும்தான் தேங்கும். ஏற்றுவதா என்பது டாக்டர் முடிவு. வாய் வறட்சியைப் போக்குவதுதான் நம் கையில் இருப்பது. ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்து, உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவலாம்.

ஆசைப்பட்டதைக் கேளுங்கள். ஒரு அம்மாவுக்கு விழுங்க முடியாது, ஆனால் கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்றார். நர்சிடம் கேட்டோம். மகள் வீட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து வாசனை பிடிக்கவிட்டு, நாக்கு நுனியில் ஒரு சொட்டுத் தடவினோம். "உப்புக் கம்மி" என்றார். மகள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சர்க்கரை வியாதிக்காரர் அல்வா கேட்டால் பத்தியம் பேசாமல் டாக்டரிடம் கேளுங்கள், இந்தக் கட்டத்தில் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஆனால் எதையும் கொடுக்கும் முன் நர்சிடம் ஒரு வார்த்தை. புரையேறினால் ஆபத்து.

9. உங்கள் சாமியை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்

விபூதி, ஜெபம், யாசின் ஓதுவது எதுவானாலும் அவர் கேட்டால் செய்யலாம், அல்லது செய்யத் தெரிந்தவரை அழைத்து வரலாம். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சாகும் தறுவாயில் இருப்பவரை மதம் மாற்ற நினைப்பவருக்கும், கர்மவினை என்று விளக்கம் சொல்பவருக்கும் இங்கே இடமில்லை. "எங்க மாமாவுக்கு ஒரு மூலிகையில சரியாச்சு" என்பதும் வேண்டாம். அதைக் கேட்டு மிச்சமிருக்கும் காதுத்தோட்டையும் அடகு வைத்தவர்கள் உண்டு.

"நீ எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ள?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பலருக்கு அது பேச்சின் தொடக்கம், சிலர் ஜாதியைத் தேடுகிறார்கள். ஊரைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். உங்கள் கையால் தண்ணீர் வாங்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், டம்ளரை வைத்துவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். குளிப்பாட்ட ஒரு பெண்தான் வேண்டும் என்று ஒரு அம்மா கேட்டால் பெண்ணை அனுப்புவோம். ஜாதி பார்த்து ஆளை மாற்ற மாட்டோம். நோயாளியின் சொல்லே நடக்க வேண்டும் என்று இவ்வளவு பேசுகிற நான், இந்த ஒன்றில் மட்டும் அதை ஏற்பதில்லை.

10. பக்கத்தில் இருப்பவரையும் பாருங்கள்

கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து ஒருவர் படுத்திருப்பார். பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது. வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் நோயாளியைப் பற்றித்தான் கேட்பார்கள். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். "நான் பார்த்துக்கிறேன், குளிச்சிட்டு ஒரு மணி நேரம் படுங்க" என்று அனுப்புங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய பேலியேட்டிவ் சங்கம், மருந்து மட்டும் கொடுத்தால் குடும்பம் எழாது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டது. நோயாளி வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று அக்கம்பக்கத்தார் ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பேலியேட்டிவ் சேவை செய்ய ஏற்பாடு இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அது தெரியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

தென்மாவட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. படுத்துவிட்ட முதியவருக்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் கொடுத்து உயிரை முடிக்கும் தலைக்கூத்தலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கொலைதான். ஆனால் அந்தப் பேச்சு எழும் வீட்டில் அநேகமாக ஆள் பலமும் இல்லை, பணமும் இல்லை, வலிக்கு மருந்தும் இல்லை. பேச்சு காதில் விழுந்தால் சண்டை போடாமல் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். டாக்டரும் நர்சும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், மறுபடி மறுபடி போக வேண்டும்.

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நீங்களாகப் பணம் கொடுக்காதீர்கள். தேவையைச் சொன்னால் நிறுவனம் வழி செய்யும். அங்கே கேட்டது எதுவும் உங்கள் தெருவுக்குப் போகக் கூடாது.

11. கடைசி மணி நேரங்கள்

பார்த்திராதவர்களுக்கு இது பயமாக இருக்கும், அதனால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கட்டும். கை கால் குளிர்ந்து தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வந்து, மறுபடி நிற்கும். தொண்டையில் சளி கறகறவென்று ஓசை போடும். விழுங்கவோ இருமவோ வலுவில்லாததால் தேங்கும் எச்சிலின் ஓசை அது. கேட்கிற நமக்குத்தான் வேதனை, நினைவிழந்திருக்கும் அவருக்குப் பெரும்பாலும் வேதனை இல்லை. நர்சைக் கூப்பிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைப்பார், வேண்டுமானால் மருந்து போடுவார். "மூச்சுத் திணறுது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலாம்" என்று இந்த நேரத்தில் ஒரு தாய்மாமா குதிப்பார். ஆம்புலன்சிலேயே உயிர் பிரிவது இப்படித்தான். அவரைத் தனியே அழைத்துப் போய் டாக்டரோடு பேசவையுங்கள்.

பால் ஊற்றுவது, துளசித் தண்ணீர், ஆசைப்பட்ட மண்ணைக் கரைத்து வாயில் விடுவது எல்லாம் நம் வழக்கம். தடுத்தால் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் மன்னிக்காது. ஊற்றினால் மூச்சுக்குழலில் போகும். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டுவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக வந்து தொட்டு வைக்கட்டும். அதுவே பால் ஊற்றியதுதான் என்று ஒரு பெரியவரைக் கொண்டு சொல்ல வைத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

காது கடைசிவரை கேட்கக்கூடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு மேலே ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் விலை பேசுகிறவர்களை வெளியே அழைத்துச் செல்லுங்கள். தொடும் முன் இப்போதும் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, தலையணையச் சரி பண்றேன்."

12. இறந்த பிறகு

அவசரப்படுத்தாதீர்கள். கண்ணை மூடுவது, தாடையைக் கட்டுவது, கால் பெருவிரலைச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் குடும்பத்தார் செய்ய விரும்பினால் அவர்களே செய்யட்டும். வீட்டில் இறந்திருந்தால் மீதமுள்ள மார்பின் மாத்திரைகளை மையத்தில் திருப்பி ஒப்படைக்கச் சொல்லுங்கள். அலமாரியில் விட்டுவைக்கக் கூடாது.

அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. பொறுப்பாளரிடமோ மற்ற வாலண்டியரிடமோ பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அடுத்த வாரம் வர முடியாது என்று தோன்றினால் சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு அந்த வீட்டுக்கு ஒருமுறை போங்கள். அதுவரை கூட்டம் இருந்திருக்கும், இனிமேல்தான் வீடு வெறிச்சென்று இருக்கும். இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள். பேச்சோடு பேச்சாக, இறப்பைப் பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, அலைச்சலும் குறைவு. இறப்புச் சான்றிதழ் கையில் வந்தால்தான் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் கேட்க முடியும், பேங்க் கணக்கை முடிக்க முடியும், விதவை உதவித்தொகைக்கு மனு எழுத முடியும். அந்த அம்மா தனியாக எந்த ஆபீஸ் படியும் ஏறியிருக்க மாட்டார். கூட வரட்டுமா என்று கேளுங்கள். சரி என்றால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றுக்கும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.